மலிவான பழைய பெடல் ஸ்டீல் கிட்டார்: எதுவரை செலவிடலாம்?

1970-களில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஷோ-பட் நிறுவனம், தொடக்க மாணவர்களுக்கென்று மாவெரிக் என்னும் பெடல் ஸ்டீல் கிட்டாரைச் செய்து விற்றது. பத்துத் தந்திகள், மூன்று பெடல்கள், ஒரே ஒரு முழங்கால் லீவர் கொண்ட அந்தக் கருவி இன்றும் பழைய இசைக்கருவிச் சந்தையில் அடிக்கடி விற்பனைக்கு வருகிறது. புதிய தொழில்முறைக் கருவியின் விலையில் ஒரு சிறு பங்குதான் அதற்குக் கேட்கப்படுகிறது. வாங்கியவருக்குச் சில வாரங்களிலேயே ஒரு யோசனை பிறக்கும். புதிய பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் உறுப்பு), கூடுதல் லீவர்கள், நல்ல டியூனிங் கீகள் (தந்தியை முறுக்கும் திருகுகள்) என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் இதையே முழுமையான கருவியாக மாற்றிவிடலாமே என்பதுதான் அது. என்னிடமும் அந்தக் காலத்து மாவெரிக் ஒன்று இருக்கிறது. அதே தரத்தைச் சேர்ந்த வேறு சிலவற்றையும் கவிழ்த்துப் போட்டு உள்ளே பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பராமரிப்புக்காகச் செய்யும் செலவு ஏறக்குறைய எப்போதும் வீண்போகாது. இரண்டாவது முழங்கால் லீவருக்கான செலவு தகுமா என்பதைக் கருவியின் அடிப்பாகத்தைப் பார்த்தே சொல்ல முடியும். அதற்கு மேல் செலவாகக்கூடிய பணத்தை அடுத்த கருவிக்காகச் சேர்த்து வைப்பதே நல்லது.

இந்தக் கருவியைப் பார்த்திராதவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். மேசை போல நான்கு கால்களில் நிற்கும் இதன் முன் அமர்ந்து, இடக்கையில் பிடித்த கனத்த எஃகு உருளையைத் தந்திகளின் மேல் நகர்த்தி, வலக்கை விரல்களில் நகமுள் அணிந்து மீட்டுவார்கள். அதுவரைக்கும் கோட்டுவாத்தியம் பார்த்தவர்களுக்குப் புதிதாக எதுவும் இல்லை. வேறுபாடு காலடியில் இருக்கிறது. ஒரு பெடலை மிதித்தாலோ முழங்காலால் ஒரு லீவரைத் தள்ளினாலோ குறிப்பிட்ட சில தந்திகளின் சுருதி மட்டும் அளந்து வைத்த தூரம் ஏறும் அல்லது இறங்கும். மற்றத் தந்திகள் அசையாமல் நிற்கும். 1954-இல் புகழ்பெற்ற, பாடகர் வெப் பியர்ஸின் பாடல் ஒன்றில் பட் ஐசக்ஸ், தந்திகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து அந்த நகர்வைக் கேட்கச் செய்தார். அதன் பிறகே நாட்டுப்புறப் பாணி அமெரிக்க இசையில் பெடல் ஸ்டீலின் குரல் இதுதான் என்று ஆயிற்று. ஐசக்ஸ் ஒரே பெடலில் செய்த இரண்டு மாற்றங்களைப் பட்டி எம்மன்ஸும் ஜிம்மி டேயும் இரண்டு பெடல்களாகப் பிரித்தார்கள். எம்மன்ஸ், ஷாட் ஜாக்சனுடன் சேர்ந்து ஷோ-பட் நிறுவனத்தைத் தொடங்கியவர். பின்னர் விலகித் தம் பெயரிலேயே வேறொரு நிறுவனம் உருவாகக் காரணமானவர்.

இன்று நாஷ்வில் முறை என்று வழங்கும் ஈ9 சுருதியமைப்பு அவர்கள் வழியாகவே நிலைபெற்றது. மேற்கத்திய இசையின் எழுத்துப் பெயர்களில் சொன்னால், அதில் முதல் பெடல் பி சுரத்தைச் சி ஷார்ப்புக்கும் (ஷார்ப் என்றால் அரைச்சுரம் மேலே), இரண்டாவது பெடல் ஜி ஷார்ப்பை ஏ-க்கும் உயர்த்தும். மூன்றாவது பெடல் நான்காம் தந்தியின் ஈ-யை எஃப் ஷார்ப்புக்கும் ஐந்தாம் தந்தியின் பி-யைச் சி ஷார்ப்புக்கும் சேர்த்து உயர்த்தும். இவற்றை வரிசைப்படி ஏ, பி, சி பெடல்கள் என்பார்கள்; இங்கே இந்த எழுத்துகள் சுரப் பெயர்கள் அல்ல. முழங்கால் லீவர்களில் இரண்டு இன்றியமையாதவை. ஒன்று ஈ தந்திகளை டி ஷார்ப்புக்கு இறக்கும். மற்றொன்று அதே ஈ தந்திகளை எஃப்-க்கு ஏற்றும். தற்காலத்தில் மூன்று பெடல்களும் நான்கு அல்லது ஐந்து லீவர்களும் கொண்ட கருவியே முழுமையானதாகக் கருதப்படுகிறது. மாவெரிக், எம்மன்ஸ் நிறுவனத்தின் ஜிஎஸ்-10, டெக்சாஸின் எம்எஸ்ஏ நிறுவனம் செய்த சைட்கிக் போன்ற அந்தக் காலத்து மாணவர் கருவிகள் பெரும்பாலும் ஒரே லீவரோடு வந்தவை. ஆகவே மேம்படுத்துவது என்ற பேச்சு பெரும்பாலும் இந்த லீவர்களின் பற்றாக்குறையிலிருந்தே தொடங்குகிறது.

ஆனால் அங்கிருந்து தொடங்குவது தவறான வரிசை என்று கருதுகிறேன். அரை நூற்றாண்டு பழமையான கருவியிடம் முதலில் கேட்க வேண்டியது, அது தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் மூன்று பெடல்களையும் ஒரு லீவரையும் சரியாக இயக்குகிறதா என்பதுதான். பெடலை விட்டதும் தந்தி பழைய சுருதிக்கே திரும்புகிறதா? மறுமுறை மிதிக்கும்போது அதே இடத்துக்கே ஏறுகிறதா? இவ்விரண்டும் ஒழுங்காக நடக்காத கருவியில் லீவர்களைக் கூட்டினால் சுருதி பிசகும் இடங்கள்தாம் கூடும்.

திரும்பாத தந்திக்குக் காரணம் பெரும்பாலும் அழுக்கும் உறைந்துபோன பழைய கிரீஸும்தான். வலக்கைப் பக்கம் இருக்கும் சேஞ்சர் என்னும் பகுதியே இந்தக் கருவியின் இதயம். ஒவ்வொரு தந்தியும் அங்கே ஓர் அலுமினிய விரலின் மேல் வளைந்து இறங்குகிறது. பெடலை மிதிக்கும்போது அடியிலுள்ள ஒரு தண்டு சுழன்று, இழுகம்பி வழியாக அந்த விரலை அசைத்துத் தந்தியை இறுக்குகிறது. இறக்குவதற்கான இழுகம்பி, ஒரு சுருள்வில்லின் எதிர்ப்பை மீறி விரலைத் தளர விடுகிறது. பத்து விரல்களும் ஒரே அச்சில் நெருக்கமாக நிற்பதால் அவற்றுக்கிடையே புகும் தூசியும் காய்ந்த எண்ணெயும் மெல்லிய பசைபோல வேலை செய்கின்றன. லைட்டர்களில் ஊற்றும் நாஃப்தா திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பெடல்களைத் திரும்பத் திரும்ப மிதித்து, வெளிவரும் கறுப்பு நீரைத் துணியால் ஒற்றி எடுத்தால் பல கருவிகள் மறுபிறவி எடுத்ததுபோல இயங்கத் தொடங்கிவிடும். அந்தத் திரவம் எளிதில் தீப்பற்றக்கூடியது. காற்றோட்டமான இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். முழுதும் உலர்ந்த பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஓரிரு சொட்டுப் போதும். கிரீஸ் தடவவே கூடாது. இன்று நாம் சுரண்டி எடுக்கும் சிக்கல் முன்பு யாரோ அன்போடு தடவிய கிரீஸிலிருந்தே வந்தது.

விரல்களின் மேல்வளைவையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் அழுந்திய தந்தி, அலுமினியத்தில் மெல்லிய பள்ளம் ஒன்றை வெட்டியிருக்கும். அந்தப் பள்ளத்தின் விளிம்பில்தான் மூன்றாம் தந்தி திரும்பத் திரும்ப அறுந்துபோகும். ஜி ஷார்ப்பில் நிற்கும் அந்த .011 அங்குலத் தந்தி, ஏறத்தாழ 24 அங்குல நீளத்தில் தன் தாங்குதிறனின் எல்லைக்கு மிக அருகிலேயே எப்போதும் இருக்கிறது. இரண்டாவது பெடல் அதை மேலும் ஓர் அரைச்சுரம் இழுக்கிறது. மிக நுண்ணிய உப்புத்தாளால் விரலைத் தந்தி போகும் திசையிலேயே தேய்த்துப் பளபளப்பாக்கினால் அறுவது குறையும். இதற்குச் செலவே இல்லை. பொறுமை மட்டும் வேண்டும். மறுமுனையில் தந்திகள் உட்காரும் சிறு உருளைகள் தடையின்றிச் சுழல்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். சுழலாத உருளை, தந்தியைப் பிடித்துக்கொண்டு சுருதியைத் திரும்பவிடாமல் செய்யும். அதையும் சேஞ்சரின் குறை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

அடுத்தது தந்திகள். பழைய கருவியோடு வரும் தந்திகள் எந்தத் தடிமனில் இருக்கும் என்று சொல்ல முடியாது. சாதாரணக் கிட்டார் தந்திகளைப் பூட்டி விற்கப்பட்டதையும் பார்த்திருக்கிறேன். ஈ9 அமைப்புக்கென்றே விற்கும் தொகுதியை வாங்கிப் பூட்டுவது மிகச் சிறிய செலவு. தடிமன் மாறினால் பெடலின் இழுதூரமும் மாறும் என்பதால், சரியான தந்திகளைப் பூட்டிய பிறகே மற்றச் சரிசெய்தல்களைத் தொடங்க வேண்டும்.

சுருதி சேர்ப்பதைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல கருவியைக் கெட்ட கருவி என்று முடிவுகட்ட வைப்பது பெரும்பாலும் இதுதான். மின்னணு டியூனரின் முள் எல்லாத் தந்திகளுக்கும் நடுவில் நிற்கும்படி வைத்துவிட்டு மூன்று தந்திகளைச் சேர்த்து மீட்டினால் ஒலி புளித்துக் கேட்கும். சம இடைவெளி முறையில் காந்தாரம் 400 சென்ட்டில் (நூறு சென்ட் ஓர் அரைச்சுரம்) நிற்கிறது. தந்திகள் ஒன்றோடொன்று இயல்பாக இழையும் காந்தாரம் 386 சென்ட்டுக்கு அருகில் இருக்கிறது. பதினான்கு சென்ட் வேறுபாட்டைச் சாதாரணக் கிட்டாரின் குறுகிய ஒலியில் காது பொறுத்துக்கொள்ளும். நீண்டு நிலைக்கும் ஸ்டீல் கிட்டாரின் ஒலியில் பொறுக்காது. கர்நாடக இசையின் அந்தர காந்தாரத்தைத் தம்புராவோடு கேட்டு வளர்ந்த காதுக்கு இது உடனே புரிந்துவிடும். இந்தக் காரணத்தால்தான் ஜெஃப் நியூமன் போன்ற ஆசிரியர்கள் ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு பெடல் மாற்றத்தையும் எத்தனை அளவு தாழ்த்தி வைக்க வேண்டும் என்று அட்டவணை வகுத்துக் கொடுத்தார்கள். முதலில் திறந்த தந்திகளை டியூனிங் கீயால் சேர்க்க வேண்டும், அடுத்து, பெடலை மிதித்தபடி, பக்கத் தகட்டில் தெரியும் நைலான் திருகுகளால் ஏற்றங்களைச் சேர்க்க வேண்டும், கடைசியாக இறக்கங்கள். இந்த வரிசை, இழுகம்பிகள் எல்லாம் இழுக்க மட்டுமே செய்யும் பொதுவான அமைப்புக்கு உரியது. பழைய வேறு அமைப்புகளில் வரிசை மாறும்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு கருவியைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. எட்டாம் தந்தியை, அதாவது தாழ்ந்த ஈ-யை, மீட்டி டியூனரைப் பார்த்துக்கொண்டே முதல் இரண்டு பெடல்களையும் சேர்த்து மிதிக்க வேண்டும். அந்தப் பெடல்கள் ஈ தந்தியைத் தொடுவதே இல்லை. ஆயினும் முள் சற்றுக் கீழே இறங்கும். ஒரே நேரத்தில் நான்கு தந்திகள் கூடுதலாக இறுகும்போது உடற்பலகை மிக மெல்ல வளைகிறது. அதனால் தொடாத தந்திகள் தளர்கின்றன. மூன்று நான்கு சென்ட் இறங்கினால் நான் கவலைப்பட மாட்டேன்; விலையுயர்ந்த கருவிகளிலும் அது உண்டு. பத்து சென்ட்டை நெருங்கினால் அந்தக் கருவிக்கு மேலும் செலவு செய்யத் தயங்குவேன். இது மரத்திலும் கட்டமைப்பிலும் உள்ள குணம். புதிய பிக்கப்போ புதிய லீவரோ இதை மாற்றப் போவதில்லை. மேம்படுத்தலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு இந்தச் சிறு சோதனை தரும் பதிலை நான் மிகவும் மதிக்கிறேன்.

இனி லீவருக்கு வரலாம். ஒரே லீவர் கொண்ட கருவியில் எவ்வளவு வாசிக்க முடியும்? ஜி மேஜர் கோவையை, அதாவது சேர்ந்தொலிக்கும் அந்தச் சுரக்கூட்டை (கார்டு), எடுத்துக்கொள்வோம். பெடல் எதையும் மிதிக்காமல் அது மூன்றாம் கட்டத்தில் (ஃப்ரெட்) கிடைக்கும். முதல் இரண்டு பெடல்களையும் மிதித்தால் பத்தாம் கட்டத்தில் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவில், முதல் பெடலோடு ஈ-யை எஃப் ஆக்கும் லீவரையும் சேர்த்தால் ஆறாம் கட்டத்தில் அதே கோவை மீண்டும் கிடைக்கும். இந்த மூன்று இடங்களையும் படிக்கட்டாகப் பயன்படுத்திக் கழுத்தின் மேலும் கீழும் நடமாடுவதுதான் ஈ9 வாசிப்பின் அடிப்படை இலக்கணம். எஃப் லீவர் இல்லாதவருக்கு நடுப்படி இல்லை. ஈ-யை டி ஷார்ப்புக்கு இறக்கும் லீவர் இல்லாதவரோ சில மைனர் கோவைகளையும், மெதுவான பாடல்களின் இடையே இழையும் உள்குரல் நகர்வுகளையும் இழக்கிறார். என் கருவியின் ஒரே லீவர் ஈ-யை இறக்குகிறது. ஆகவே எனக்கு வேண்டியது ஏற்றும் லீவர். இவ்விரண்டும் சேர்ந்துவிட்டால், மூன்று பெடல்களோடு கூடிய அந்தக் கருவியில் கற்பவர் பல ஆண்டுகளுக்கு மனநிறைவோடு பயிலலாம் என்பது என் உறுதியான எண்ணம். இரண்டாம் தந்தியையும் ஒன்பதாம் தந்தியையும் இறக்கும் லீவர் அழகானது. பி-யை அரைச்சுரம் இறக்கும் செங்குத்து லீவர் பயனுள்ளது. ஆனால் இவை பின்னால் வரலாம்.

அந்த இரண்டாவது லீவரைச் சேர்க்க முடியுமா என்பதைக் கருவியின் பெயரோ ஆண்டோ சொல்லாது. மாவெரிக்கின் உள்ளமைப்பே காலப்போக்கில் மாறியிருக்கிறது. உடல் முழுதும் மரமாக இருந்தவையும் உண்டு, மரக்கோலம் அச்சிட்ட தாளை மேலே ஒட்டியவையும் உண்டு. எனவே பக்கத் தகட்டைப் பார்த்தும் கருவியைக் கவிழ்த்துப் பார்த்தும்தான் முடிவெடுக்க வேண்டும். தற்காலச் சேஞ்சர்களில் ஒவ்வொரு விரலிலும் ஏற்றத்துக்கு மூன்று துளைகளும் இறக்கத்துக்கு இரண்டு துளைகளும் இருப்பது வழக்கம். நான்காம் தந்திக்கு என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்: சி பெடல் அதை எஃப் ஷார்ப்புக்கு ஏற்ற வேண்டும், எஃப் லீவர் எஃப்-க்கு ஏற்ற வேண்டும், மற்றொரு லீவர் டி ஷார்ப்புக்கு இறக்க வேண்டும். ஆக இரண்டு ஏற்றமும் ஓர் இறக்கமும் தேவை. விரலில் ஏற்றத்துக்கு ஒரே துளை மட்டும் இருந்தால், அளவு வேறுபட்ட இவ்விரண்டு ஏற்றங்களையும் தனித்தனியாகச் சுருதி சேர்க்க இடமில்லை. அந்நிலையில் சேஞ்சரையே மாற்ற வேண்டியிருக்கும். சேஞ்சரை மாற்றினால் இழுகம்பிகளும் தண்டுகளும் பக்கத் தகடும் மாற வேண்டியிருக்கும். கடைசியில் பழைய பலகையையும் கால்களையும் மட்டும் வைத்துக்கொண்டு புதிய கருவி செய்ததாக முடியும். அந்த வழியில் இறங்க வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்வேன்.

துளைகள் இருக்கின்றன, அடியில் இன்னொரு குறுக்குத் தண்டுக்கு இடமும் இருக்கிறது என்றால் நிலைமை வேறு. ஒரு லீவர், அதைத் தாங்கும் பிடி, குறுக்குத் தண்டு, தண்டின் அசைவை இழுகம்பிக்குக் கடத்தும் இரண்டு நெம்புகைகள், இரண்டு இழுகம்பிகள், நைலான் திருகுகள், நிறுத்தும் திருகு ஆகியவை தேவைப்படும். ஷோ-பட் நிறுவனம் எப்போதோ மூடப்பட்டுவிட்டாலும் அதன் கருவிகளுக்குப் பொருந்தும் உதிரிகளை அமெரிக்காவில் சிறிய பட்டறைகள் இன்றும் கடைந்து விற்கின்றன. இது அந்தப் பெயர் கொண்ட கருவியை வாங்குவதில் உள்ள பெரிய அனுகூலம். பெயர் தெரியாத கருவியை இன்னும் மலிவாக வாங்கியவருக்கு இந்த வசதி கிடையாது. ஒவ்வோர் உதிரியையும் அளவெடுத்துத் தனியாகச் செய்விக்க வேண்டியிருக்கும், அந்தக் கூலியே கருவியின் விலையைத் தாண்டிவிடக்கூடும். 1970-களின் பிற்பகுதிக் கருவிகள் சிலவற்றில் அடிப்பாக உதிரிகள் துத்தநாகக் கலப்பு வார்ப்பாக இருக்கும். அவை எளிதில் விரிசல் விடும். லீவர் சேர்ப்பதற்காகக் கருவியைத் திறக்கும்போது அத்தகைய பழைய உதிரிகளையும் கையோடு மாற்றிவிடுவது அறிவுடைமை.

கூலி கொடுத்துச் செய்விப்பதா, தானே செய்வதா என்று கேட்டால், பொறுமையும் அறுகோணச் சாவிகளும் உள்ளவர் தானே செய்யலாம் என்பேன். இழுகம்பியை நெம்புகையின் எந்தத் துளையில் மாட்டுவது என்பதுதான் நுட்பமான இடம். தண்டிலிருந்து தொலைவிலுள்ள துளையில் மாட்டினால் சிறிய அசைவிலேயே முழு இழுப்பும் கிடைக்கும், ஆனால் முழங்காலுக்குக் கனமாக இருக்கும். அருகிலுள்ள துளையில் மாட்டினால் இலகுவாக இருக்கும், ஆனால் நெடுந்தூரம் தள்ள வேண்டும். நான்காம் தந்தியும் எட்டாம் தந்தியும் ஒரே நேரத்தில் எஃப்-ஐ அடைய வேண்டும். ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால் நகர்வின் நடுவில் ஒலி கலங்கும். இதைச் சரியாக்கும் நேரத்தில் கருவியைப் பற்றிக் கற்றுக்கொள்வது வேறு எந்த வழியிலும் கிடைக்காத அறிவு. மலிவான பழைய கருவி கற்பவருக்குத் தரும் பெரிய கொடை இதுவே என்று நினைக்கிறேன். விலையுயர்ந்த கருவியைத் திறந்து பார்க்கும் துணிவு தொடக்கத்தில் யாருக்கும் வராது.

பிக்கப்பைப் பற்றிப் பலர் முதலில் கேட்கிறார்கள். நான் கடைசியில் வைத்திருக்கிறேன். பழைய ஒற்றைச் சுருள் பிக்கப்கள் அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸ் முனகலைப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் ஷோ-பட் பிக்கப்களின் ஒலியை விரும்பித் தேடுபவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பதிவுகளின் இனிமையில் அவற்றுக்கும் பங்கு உண்டு. சுருள் அறுந்துபோயிருந்தால் மறுசுற்றுச் செய்விக்கலாம். முனகல் தாங்க முடியாமல் இருந்தால், முதலில் உள்கம்பிகளின் பற்றவைப்பையும் தரையிணைப்பையும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் தொல்லை இருந்தால்தான் முனகல் இல்லாத இரட்டைச் சுருள் பிக்கப் ஒன்றை வாங்குவதில் பொருள் உண்டு. டியூனிங் கீகள் வழுக்கினால் மாற்றலாம். அது சிறு செலவு. மேற்பூச்சை நீக்கிப் புதிதாக மெருகேற்றுவது தேவையே இல்லை. மாணவர் கருவிகள் சேகரிப்பாளர்கள் போட்டியிடும் பொருள்கள் அல்ல. அவற்றில் போட்ட பணம் மறுவிற்பனையில் திரும்பி வராது.

பணம் செலவிட்டே ஆக வேண்டும் என்ற உந்துதல் இருந்தால், கருவிக்கு வெளியே செலவிடுங்கள் என்பேன். நல்ல வால்யூம் பெடல், கையளவுக்குப் பொருந்தும் எஃகு உருளை, சரியான உயரத்தில் ஓர் இருக்கை, தெளிவான ஆம்ப்ளிஃபையர் ஆகியவை நாளை வேறு கருவி வாங்கினாலும் உங்களோடு வரும். ஸ்டீல் கிட்டாரில் வால்யூம் பெடல் அணிகலன் அல்ல. மீட்டிய ஒலி தேயத் தேய வலப் பாதத்தால் அதை ஏந்தி நிறுத்துவதில்தான் அந்த நீண்ட பாட்டுக்குரல் பிறக்கிறது. கரகரக்கும் பழைய வால்யூம் பெடலோடு வாசிப்பவருக்குப் புதிய பிக்கப்பால் எந்தப் பயனும் இல்லை. பத்துத் தந்திக் கருவிக்கு அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு விட்டமுள்ள கனத்த உருளை வேண்டும். மடியில் வைத்து வாசிக்கும் லேப் ஸ்டீலுக்கான சிறிய உருளையைக் கொண்டு வாசித்தால் ஒலி மெலிந்துவிடும். ஆம்ப்ளிஃபையரில் பீவி நிறுவனத்தின் நாஷ்வில் 400 போன்ற, ஸ்டீல் கிட்டாருக்கென்றே செய்யப்பட்ட பழையவை நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. இவற்றை வாங்கிப் பூட்டியதும் மாவெரிக்கின் குரல் எவ்வளவு மாறுகிறது என்பதை ஒருவர் கேட்டுப் பார்த்தால், திருகுச்சாவியைக் கையிலெடுக்கும் அவசரம் தணிந்துவிடும்.

1950-களின் பிற்பகுதியில் வந்த ஃபெண்டர் 400 போன்ற கருவிகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவற்றில் எட்டே தந்திகள். பெடல்களை இயக்குவது இழுகம்பி அல்ல, எஃகு வடம். பத்துத் தந்திகளும் இல்லாமல் நாஷ்வில் முறைப் பாடங்களை அப்படியே அவற்றில் பின்பற்ற முடியாது. அதற்காக அவற்றை வெட்டி ஒட்டி நாஷ்வில் கருவியாக்க முயல்வது அந்தக் கருவிக்குச் செய்யும் அநீதி. ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸ் குழுவின் ஸ்னீக்கி பீட் கிளைனாவ் எட்டுத் தந்தி ஃபெண்டரிலேயே, பி6 சுருதியமைப்பில், யாருக்கும் இல்லாத ஒரு குரலை உருவாக்கிக்கொண்டார். அத்தகைய கருவி கைக்கு வந்தால், அதன் இயல்பான மொழியைக் கற்றுக்கொள்வதே சரி; நாஷ்வில் முறைதான் வேண்டும் என்றால் அதை விற்றுவிட்டுப் பத்துத் தந்திக் கருவி வாங்க வேண்டும்.

ஒப்பிடுவதற்கு எதிர்ப்புறத்தில் நிற்பது இன்றைய மாணவர் கருவி. மூன்று பெடல்களும் நான்கு லீவர்களும் கொண்ட தொடக்கநிலைக் கருவிகளை அமெரிக்காவில் சிறு நிறுவனங்கள் செய்கின்றன. உயர்தரக் கருவியின் விலையில் பாதிக்கும் குறைவாகவே அவை கிடைக்கின்றன. பழைய கருவியின் விலையோடு ஒரு சேஞ்சர், மூன்று லீவர்கள், பிக்கப், கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அந்தத் தொகையை எளிதில் எட்டிவிடும். அப்படிச் செலவழித்த பிறகும் உடற்பலகையின் வளைவும் பழைய பெடல் சட்டத்தின் தேய்மானமும் அப்படியே இருக்கும். எனவே இன்னும் கருவி வாங்காதவர், முடிந்தால் சற்றுக் காத்திருந்து நான்கு லீவர் கருவியையே வாங்கட்டும். ஏற்கெனவே மாவெரிக் போன்ற ஒன்றை வைத்திருப்பவர் அதைத் துப்புரவாக்கிச் சுருதி நிலைக்கச் செய்து, இடமிருந்தால் இரண்டாவது லீவரை மட்டும் சேர்த்து வாசிக்கட்டும். என் கருவியில் நான் செய்ய நினைப்பதும் அவ்வளவே. ஏ பெடலும் எஃப் லீவரும் சேரும் அந்த ஆறாம் கட்டத்தை என் சொந்தக் கருவியில் கேட்க வேண்டும் என்ற ஆசைக்கு அந்தச் செலவு தகும்.

பழைய கருவியை நேரில் பார்த்து வாங்கப் போகிறவர்கள் ஒரு டியூனரையும் சிறிய கைவிளக்கையும் எடுத்துச் செல்ல வேண்டும். பெட்டிக்குள் நான்கு கால்களும் மூன்று பெடல் கம்பிகளும் இருக்கின்றனவா என்று முதலில் எண்ண வேண்டும். இவை தொலைந்துபோன கருவிகள் நிறைய விற்பனைக்கு வருகின்றன. பிறகு கருவியை நிறுத்தி, எட்டாம் தந்தியில் வளைவுச் சோதனையைச் செய்து, பக்கத் தகட்டின் துளைகளைக் கைவிளக்கு அடித்து எண்ண வேண்டும். வாங்கிய பின் உதிரி எதை மாற்றினாலும், கழற்றிய பழைய உதிரியை அது எந்தத் தந்திக்கு உரியது, நெம்புகையின் எந்தத் துளையில் இருந்தது என்று எழுதிய சீட்டோடு கருவியின் பெட்டியிலேயே போட்டு வைக்க வேண்டும். அடுத்து வாங்குபவர் மூல அமைப்புக்கே திரும்ப விரும்பினால் அவருக்கு அது வேண்டியிருக்கும்.